தட்டாமல் போன பன்னிரண்டு நாட்கள்

குடியை எப்படி விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், "ஓடியே விட்டேன்" என்பது என் பதில். மில்லுக்குப் புதிதாக வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் சொன்னேன். கைதட்டினார்கள், துண்டு போர்த்தினார்கள். அந்தப் பதிலில் ஓட்டம் மட்டும் உண்மை. மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குத் தெரியும், அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நானும் என் மச்சானும் வேலை பார்த்தோம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன்; என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஓடுகிற மிஷினில் அறுந்த நூலை ஒட்டுவது என் வேலை. பஞ்சுப் பொதியை உடைத்துப் போடுகிற இடத்தில் அவர் இருந்தார். இருவருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே சாராயக் கடை. இந்தக் குடிகாரனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று என் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தபோது, மச்சானே முன்வந்து தங்கையைக் கொடுத்தார். என் குணத்தைப் பார்த்துக் கொடுத்தார் என்று நினைத்துவிடக் கூடாது. தனியாகக் குடிக்கப் பிடிக்காத மனிதர் அவர்.

எங்கள் மில்லில் யாரும் குடித்ததாகச் சொல்ல மாட்டார்கள். "ஒடம்பு வலிக்குக் கொஞ்சம் ஊத்திக்கிட்டேன்" என்பார்கள். நின்று நின்று கடுத்த காலுக்கு, பொதி தூக்கிய முதுகுக்கு, தூசி அடைத்த தொண்டைக்கு என்று உடம்பில் எந்த இடத்துக்கும் சாராயம்தான் மருந்து. மருந்து என்று சொல்லிவிட்டால் வீட்டில் சண்டை போடவும் முடியாது. கல்யாணமான புதிதில் என் மனைவியே, "ரொம்ப வலிக்கா? போயி கொஞ்சமா குடிச்சிட்டு வாங்க" என்று என்னை அனுப்பியிருக்கிறாள். பாவம், அவளுக்கு அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரியாது.

ஒரு குடியரசு தினத்தன்று மில் மைதானத்தில் குடும்பங்களைக் கூட்டி விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். கயிறு இழுக்கும் போட்டியில் எங்கள் அணிக்கு மச்சான்தான் கடைசி ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறவர். ஆள் பார்க்க அப்படி இருப்பார். அன்று கடை கிடையாது என்பதால் முந்தின நாளே வாங்கி வைத்து, காலையிலேயே இருவரும் உடம்பு வலிக்கு ஊற்றியிருந்தோம். விசில் ஊதிக் கொஞ்ச நேரத்தில் மச்சான் கண் செருகி உட்கார்ந்துவிட்டார். கயிறு இடுப்பில் இருந்ததால் எதிரணி அவரைக் கோட்டைத் தாண்டியும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. அவருக்கு முன்னால் நின்ற நான் கயிற்றை விட்டுவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மச்சானின் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்து வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அங்கிருந்தே பஸ் ஏறி மம்சாபுரத்தில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து மச்சான் என் வீட்டுக்கு வந்து, "மாப்ளே, வுட்ருவோமா?" என்றார். அதுவரை எத்தனையோ தடவை விட்டிருந்தோம். ஆனால் அன்று அவர் கேட்ட விதத்தில் வேடிக்கை இல்லை. டாக்டரிடம் போனோம். கை நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் நன்றாக நடங்கள், உடம்பு வேர்க்கட்டும் என்றார். நடக்கத்தான் சொன்னார்; நாங்கள் ஓடினோம். எதையும் அளவாகச் செய்யத் தெரிந்திருந்தால் நாங்கள் ஏன் அவரிடம் போயிருக்கப் போகிறோம்.

மில் சங்கு காலை ஐந்து மணிக்கு ஊதும். சங்கு ஊதியதும் கிளம்பி, ஊரைத் தாண்டி வடக்கே போகிற ரோட்டில் ஓடுவது என்று பேச்சு. முதல் நாள் இரண்டு தந்திக் கம்ப தூரம் ஓடினோம். நான்காம் நாள் இருவருக்கும் தொடை இறுகிப்போய், உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அன்று சாயங்காலம் சாராயக் கடை வாசலில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தோம்.

"என்ன மாப்ளே, ஒடம்பு வலியா?"

"ஆமா மச்சான். ஒங்களுக்கு?"

"எனக்கும் அதேதான்."

குடியை விடுவதற்காக ஓடி, ஓடிய வலிக்குக் குடித்தோம். எங்களை விட்டால் வேறு யாரும் இந்தக் கூத்தைப் பண்ணியிருக்க மாட்டார்கள். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வீட்டுக்குப் போய் மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவள் கத்தவில்லை. "வலிக்குத்தான குடிக்கீக? அந்த வலிய நான் போக்குதேன், பொறவு என்ன சொல்லுதீகன்னு பாப்போம்" என்றாள். மறுநாள் அண்டா நிறைய வெந்நீரில் நொச்சித் தழையும் புளியந்தழையும் போட்டுக் கொதிக்க வைத்து, புருஷனையும் அண்ணனையும் கொல்லையில் கல்லின் மேல் உட்கார வைத்து ஊற்றினாள். சூடு பொறுக்காமல் மச்சான் அலறினார். ஆனால் வலி போய்விட்டது. சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லாமல் இருவரும் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்கு மச்சான்தான் ஒரு சட்டம் போட்டார்.

"இந்தா பாரு மாப்ளே. எவன் மொதல்ல எந்திரிக்கானோ அவன் அடுத்தவன் வீட்டுக் கதவ மூணு தட்டு தட்டணும். தட்டுனா தொறக்கணும். முடியலன்னு சொல்லக் கூடாது. ஓட முடியலன்னா நடப்போம். நடக்க முடியலன்னா ரோட்டுல போயி செத்த நேரம் ஒக்காந்துட்டு வருவோம். ஒத்தையில மட்டும் போகக் கூடாது."

அடுத்தடுத்த தெருவில் வீடு. பெரும்பாலும் நான்தான் போய்த் தட்டுவேன். நைட் ஷிப்ட் வாரங்களில் சாயங்காலம் தட்டுவோம். திறக்கும்போதே சில நாள் அவர் முகம் கறுத்திருக்கும். ஆனாலும் ஷூவை மாட்டிக்கொண்டு என்னோடு வருவார். ஒரு நாள் ஊர் எல்லையில் இருந்த சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னைக்கு என்னால ஆகாது மாப்ளே, நாக்கு கேக்கு" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறுகிறவரைக்கும் பஞ்சு லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் அடிகூட ஓடவில்லை. அன்று சாயங்காலம் இருவருமே கடைப் பக்கம் போகவில்லை. அந்த நாளை நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. எனக்கு அன்று தோன்றியதெல்லாம் ஒரு நாள் பயிற்சி வீணாகப் போயிற்றே என்பதுதான்.

ஆறு மாதத்தில் உடம்பு சொன்னபடி கேட்டது. இடது கைப்பக்கம் மலை கூடவே வரும். தென்னந்தோப்புக் காவலுக்கு இருந்த வெள்ளை நாய்கள் எங்களைத் திருடர்கள் என்று நினைத்து விரட்டியதில் மச்சானுக்கே வேகம் கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மம்சாபுரம் வரைக்கும் போயிருவோமா?" என்றார். பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். தங்கச்சி அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் சட்டை நனைந்து சொட்டச் சொட்ட அவள் முன்னால் போய் நின்றார்.

"எப்படி வந்தீக?" என்றாள்.

"ஓடி வந்தேன்."

"ஏன், பஸ்ஸு வரலையா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்காமல் பக்கத்தில் வந்து, மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள். வெறும் வேர்வை. குடத்தைச் சாய்த்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம். அதன் பிறகு ஞாயிறுதோறும் மம்சாபுரம்தான். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்து போய், ஆளுக்குக் கால் கிலோ பால்கோவா வாங்கி, கடை வாசலிலேயே நின்று தின்போம். குடியை விட்ட நாக்கு இனிப்பு கேட்கும். அது குடித்தவனுக்குத்தான் தெரியும். உப்புப் பூத்த சட்டையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் தள்ளி நிற்கச் சொல்வார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் வேறு இல்லை. ஒன்பதாம் ஞாயிறு தங்கச்சி பெட்டியோடும் மகளோடும் எங்களுடனேயே பஸ் ஏறி ராஜபாளையம் வந்துவிட்டாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் கால்தான் நிற்கவில்லை. எனக்கு ஒல்லியான உடம்பு, ஓட்டம் வாகாக வந்துவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி செய்கிற இளவட்டங்களை ஒரு நாள் முந்தினேன். "அண்ணாச்சி, நீங்க எங்க இருந்தீக இம்புட்டு நாளா?" என்று அவர்கள் கேட்டது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சாலை ஓட்டப் போட்டி ஒன்று நடக்கப் போவதாகச் சொன்னார்கள். பெயர் கொடுத்தேன். மச்சானும் சந்தோஷப்பட்டார். "போடு மாப்ளே, நான் சோடா பாட்டிலோட சைக்கிள்ல பின்னாடி வாரேன்" என்றார்.

அந்தச் சமயம் பார்த்து அவருக்குக் குதிகால் வலி. கனத்த உடம்பு, மட்டமான கேன்வாஸ் ஷூ. காலை ஊன்ற முடியாமல் நொண்டிக்கொண்டு வந்தார். "கொஞ்ச நாளைக்கு மெதுவாப் போவோம் மாப்ளே, நடந்தே போவோம்" என்றார். போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவரோடு நடந்தால் என் பயிற்சி கெடும். இதை அவரிடமே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சம்மதித்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் சட்டம் போட்டது அவர், ஒத்துக்கொண்டது நான். சொல்ல வாய் வரவில்லை. முதல் நாள் பள்ளிக்கூடத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அந்த வழியில் போனால் அவர் வீட்டைக் கடக்க வேண்டியதில்லை. ஒரு நாள்தானே என்று இருந்தது. மறுநாளும் அப்படியே போனேன்.

மூன்றாம் நாள் மில் வாசலில் பிடித்துக்கொண்டார். "என்ன மாப்ளே, ரெண்டு நாளா ஆளக் காணும்? மேலுக்குச் சரியில்லையா?"

"ஆமா மச்சான், காய்ச்ச மாதிரி இருக்கு."

"அப்படின்னா நான் வந்து தட்டட்டா?"

"வேணாம் மச்சான். காலையில கொஞ்சம் தூங்கணும். சரியானதும் நானே வந்து தட்டுதேன்."

"சரி சரி, ஒடம்பப் பாத்துக்கோ" என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். வெயிலில் வந்திருந்ததால் நெற்றி சூடாகத்தான் இருந்தது. "காந்துதே" என்றார். அந்தக் கை இன்னும் என் நெற்றியில் இருக்கிறது.

ஒன்பதாம் நாள், கூட வேலை பார்ப்பவர் ஒருவர் வந்து, மச்சானைக் கடையில் பார்த்ததாகச் சொன்னார். கால் வலிக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாராம். அன்றே போய்த் தட்டியிருக்க வேண்டும். போட்டி முடியட்டும், இன்னும் நான்கு நாள், அப்புறம் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். வீட்டிலும் மூச்சு விடவில்லை. அண்ணனோடுதான் ஓடுகிறேன் என்று நினைத்து என் மனைவி தினமும் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டியில் ஏழாவதாக வந்தேன். ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். சோடா பாட்டிலோடு சைக்கிளில் யாரும் வரவில்லை. டிபன் பாக்ஸோடு நேரே மச்சான் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கிடந்தார். வாசலிலேயே வாடை வந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, "காய்ச்ச தேவலையா மாப்ளே?" என்றார். அந்தக் கேள்வியில் நான் ஒடுங்கிப் போயிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. தப்பு என் பக்கம் இருக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், அது என் சுபாவம்.

"மறுபடியும் ஊத்திக்கிட்டீகளாக்கும்" என்றேன்.

"கால் வலிக்குக் கொஞ்சம்…"

"வலியாம் வலி! ரோசங்கெட்ட மனுசன். அவ தாய்வீட்ல இருந்து வந்தது எதுக்கு, இந்த நாத்தத்த மோக்கவா? இனிமே இந்த வாசப்படி ஏற மாட்டேன்."

தங்கச்சியும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் என் கையிலிருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார். அப்போது அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். காய்ச்சலில் கிடந்தவன் எங்கே போய்ப் பரிசு வாங்குவான். ஆனாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றும் சரி, அப்புறமும் சரி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கோபமாகவே எல்லாவற்றையும் கொட்டினேன். "பன்னெண்டு நாளா தட்டலையா?" என்று மட்டும் கேட்டாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து வெந்நீர் நான்தான் போட்டுக்கொண்டேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் விடியும் முன்னால் எங்கள் கதவில் மூன்று தட்டு விழுந்தது. "அண்ணன்தான்" என்று மனைவி எழுந்து உட்கார்ந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் குடித்தது இறங்கவில்லை. "இந்த நெலமையில எங்க ஓட? தெளிஞ்சு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். மனைவி எழுந்து போய்த் திறப்பதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார். ஓட முடியாவிட்டால் நடக்கலாம், நடக்க முடியாவிட்டால் உட்காரலாம் என்று சட்டம் சொன்னவர் அவர். ரோட்டோரப் பாலக்கட்டையில் போய் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். எனக்கு அன்றைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நானும் போகவில்லை. அரசாங்கம் சாராயக் கடையை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. மச்சான் கிடைத்ததைக் குடித்தார். மில் வேலை போயிற்று. தங்கச்சி இந்தத் தடவை தாய்வீட்டுக்குப் போகவில்லை. பேண்டேஜ் துணி நெய்கிற இடத்துக்கு வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைத்தாள். நான் ஓடிக்கொண்டே இருந்தேன். பிளவக்கல் அணை வரைக்கும்கூட ஓடியிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். என் கால்தான் என்னைக் காப்பாற்றியது என்று நானும் நம்பினேன். அப்படியானால் மச்சான் காலும் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும், அவரும் மம்சாபுரம் வரை ஓடினவர்தானே என்று யோசிக்க எனக்குப் பல வருடம் ஆனது. நான் தடுக்கி விழுந்தால் தூக்கிவிட வீட்டில் ஆள் இருந்தது. அவருக்கு அந்த மூன்று தட்டுதான் இருந்தது. அது என் கையில் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் இறந்தார். வயிறு வீங்கி, கை கால் குச்சியாகி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள். நான் எடுத்த சபதத்தை மறந்து அந்த வாசப்படியை ஏறினேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "மாப்ளே, மெலிஞ்சிட்டியே" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் போன பிறகு, தங்கச்சி கட்டிலுக்கு அடியில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேன்வாஸ் ஷூவும் வந்தது. ரப்பர் பிளந்து, கயிறு கறுத்துப்போய் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, குற்றம் சொல்கிற குரலில் இல்லை, சும்மா ஞாபகத்தைச் சொல்வதுபோல, என்னிடம் சொன்னாள்.

"ஒங்களுக்கு ஒரு தடவ காய்ச்ச வந்துச்சுலாண்ணே, இவுக கால் வலியோட இருந்தாகளே, அப்போ. சங்கு ஊதுததுக்கு முன்னாடியே எந்திரிச்சு இந்த ஷூவ மாட்டிக்கிட்டு இதே கட்டில்ல ஒக்காந்திருப்பாக. கடைக்குப் போயிட்டு வந்தாகளே, அதுக்கு மறுநாளும் ஒக்காந்திருந்தாக. கதவ அடைக்கவே விட மாட்டாக. 'காய்ச்சல்ல கெடந்து வாரவன், தட்டத் தெம்பு இருக்கோ என்னமோ, தொறந்தே கெடக்கட்டும்'னு சொல்லுவாக. தெருவுல இருந்து பாத்தாலே உள்ள ஒக்காந்திருக்கது தெரியும்."

அவள் ஷூவைத் துடைத்து மறுபடியும் கட்டிலுக்கு அடியிலேயே வைத்தாள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் போனேன்.